கண் அயராத சாட்சி

மார்கழி மாதத்து மாலைப் பொழுது. கச்சிராயபாளையத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்துவிடுகிறது. கல்வராயன் மலையின் கரிய விளிம்பு வானத்தோடு கலந்து மறைகிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் பருவமாயின், கரும்பைச் சுமந்த டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து செல்கின்றன. அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில் சிவப்பு விளக்கும் இல்லை. ஒளிரும் பட்டையும் இல்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் வேலை முடித்து வீடு திரும்புவோரும், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருவோரும், கோமுகி அணையைக் காண வந்த வெளியூர்க் காரினரும் இந்தச் சாலையைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விபத்து நேர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். நாம் கூறப்போவது இன்னார் வீட்டுக் கதை அன்று. எவர் வீட்டிலும் நிகழக்கூடியது. முப்பத்து நான்கு வயதுக் குடும்பத் தலைவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். எதிரே வந்த கார் ஒன்று கரும்பு வண்டியை முந்தும் அவசரத்தில் தன் பக்கத்தை விட்டு ஏறி வந்து அவர்மீது மோதிவிடுகிறது. மருத்துவமனையில் அன்றிரவே அவர் உயிர் பிரிகிறது. காரை ஓட்டியவர், "வண்டிக்காரர்தான் திடீரென்று குறுக்கே வந்தார்" என்கிறார். டிராக்டர் போய்விட்டது. இறந்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. வீட்டில் மனைவி, இரு குழந்தைகள், வயது முதிர்ந்த தாய்.

ஆனால், நடந்தது அனைத்தையும் கண்ட சாட்சி ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வந்த மற்றொரு காரின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தீப்பெட்டியளவான காமிராதான் அது. அக்காரின் உரிமையாளர் வண்டியை நிறுத்தினார், இறங்கிப் பார்த்தார், கூட்டம் சேர்வதைக் கண்டதும், "நமக்கேன் வம்பு?" என்று புறப்பட்டுவிட்டார். அவர் சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் படத்தின்மீது வேறு படங்கள் பதிந்துவிட்டன. சாட்சி அழிந்துபோயிற்று.

இக்காலத்தில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் பெருகி வருகின்றன. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் இளைஞர்களும் பலர். இந்தச் சிறு கருவியைப் பற்றியும், அது நீதிமன்றத்தில் எவ்வாறு பேசுகிறது என்பதைப் பற்றியும் நாம் அறிந்துகொள்வது நன்று.

கருவி எப்படி வேலை செய்கிறது?

டேஷ்கேம் எனப்படும் இக்காமிரா, காரின் இயந்திரம் இயங்கத் தொடங்கியவுடன் தானும் விழித்துக்கொள்கிறது. எதிரே தெரியும் சாலையை ஓயாமல் பதிவு செய்கிறது. பதிவுகள் நகத்தளவான நினைவு அட்டை ஒன்றில், ஒன்று முதல் ஐந்து நிமிட நீளமுள்ள துண்டுகளாகச் சேர்கின்றன. அட்டை நிரம்பியதும் கருவி நின்றுவிடுவதில்லை. மிகப் பழைய துண்டை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதுகிறது. 64 கிகாபைட் அட்டையொன்றில், படத்தின் தரத்தைப் பொறுத்து, ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணம்தான் அடங்கும்.

கருவிக்குள் அதிர்வை உணரும் உறுப்பு ஒன்றும் உண்டு. வண்டி எதன்மீதாவது மோதினால், அந்த நேரத்துத் துண்டை அழியாதபடி அது பூட்டி வைக்கும். ஆனால், பிறருடைய விபத்தை நம் காமிரா காணும்போது நம் வண்டி அதிர்வதில்லை. ஆகவே பூட்டும் விழுவதில்லை. கையால் பொத்தானை அழுத்திப் பூட்டினாலொழிய அப்படம் ஓரிரு நாளில் மறைந்துவிடும். நாம் மேலே கூறிய கதையில் நிகழ்ந்தது இதுவே.

இயந்திரத்தின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்ற வரலாறு

நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய சாட்சியச் சட்டம் 1872-இல் இயற்றப்பட்டது. மனிதர் கண்டதையும் கேட்டதையும், காகிதத்தில் எழுதியதையும் மனத்திற் கொண்டே அது எழுதப்பட்டது. பின்னர் ஒலிநாடா வந்தது. குடியரசுத் தலைவராக வி. வி. கிரி தேர்ந்தெடுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 1970-இல், ஒலிநாடாப் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பேசியவரின் குரல் அடையாளம் காணப்பட வேண்டும்; பதிவில் ஒட்டோ வெட்டோ இருக்கலாகாது என்பன போன்ற எச்சரிக்கைகளை நீதிமன்றங்கள் வகுத்துக்கொண்டன.

2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்னும் பிரிவைச் சேர்த்தது. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் கொடுப்பவர், அது எந்தக் கருவியிலிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் ஒன்றைக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். இச்சான்றிதழ் இன்றியமையாதது என்று அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னர் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கு வந்தது. மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஒன்றில் வேட்புமனு உரிய நேரத்துக்குள் கொடுக்கப்பட்டதா என்பது தகராறு. தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட காமிராப் பதிவுகளே சாட்சி. பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கியது. நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம். பதிவு செய்த கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து கூண்டிலேறிச் சாட்சி சொன்னால், சான்றிதழ் தேவையில்லை. பிறர் கையிலுள்ள பதிவுக்கு அவர் சான்றிதழ் தர மறுத்தால், நீதிமன்றத்தின் வழியாக அதைக் கேட்டுப் பெறலாம். தன்னால் இயன்றதனைத்தையும் செய்தவரிடம் இயலாததைச் சட்டம் கேட்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்தது. அதன் 63-ஆம் பிரிவு இன்று இவ்விஷயத்தை ஆள்கிறது. சான்றிதழின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சிடப்பட்டுள்ளது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியைக் கருவிக்கு உரியவர் நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதியை இத்துறையில் தேர்ந்த நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் இரண்டிலும் குறிப்பிட வேண்டும்.

ஹாஷ் எண் என்பது என்ன? அதைக் கோப்பின் கைரேகை என்று கொள்ளலாம். கணினி ஒரு படக்கோப்பு முழுவதையும் கணக்கிட்டு, எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட கோவை ஒன்றைத் தரும். படத்தின் ஒரு புள்ளியை மாற்றினாலும், ஒரு நொடியை வெட்டினாலும் அக்கோவை முற்றிலும் மாறிவிடும். முதல் நாள் எடுத்த எண்ணும் நீதிமன்றத்தில் எடுக்கும் எண்ணும் ஒத்திருந்தால், இடையில் எவரும் படத்தில் கை வைக்கவில்லை என்பது உறுதி.

தீர்ப்பாயம் கேட்பது என்ன?

விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் அங்கே மனுச் செய்ய வேண்டும். விபத்து தொலைவில் நேர்ந்திருந்தாலும், மனுதாரர் தாம் வாழும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுவைக் கொடுக்கலாம். கச்சிராயபாளையத்துக் கைம்பெண் ஒருவர் செங்கல்பட்டுக்கும் சேலத்துக்கும் அலைய வேண்டியதில்லை.

குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் அவ்வளவு கடுமை இல்லை. நடந்திருக்கக்கூடியது எது என்பதை நிகழ்தகவின் அடிப்படையில் முடிவு செய்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பிமலா தேவி வழக்கில் 2009-இல் விளக்கியது. முதல் தகவல் அறிக்கை, விபத்திடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, நேரில் கண்டவர் சாட்சியம் ஆகியவற்றைத் தீர்ப்பாயம் ஒருசேரப் பார்க்கிறது. அவற்றோடு படப்பதிவும் சேர்ந்தால், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று முதல் தகவல் அறிக்கையில் வழக்கமாக எழுதப்படும் சொற்களுக்கு உயிர் வருகிறது.

இதில் ஒரு குடும்பத்துக்கு என்ன இலாப நஷ்டம் என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். நாம் கூறிய கதையில் இறந்தவர் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த சுயதொழிலாளி என்க. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, நாற்பது வயதுக்குட்பட்டவராதலின் வருங்கால உயர்வுக்கென 40 விழுக்காடு சேர்க்க, மாத வருமானம் 21,000 ரூபாய் ஆகிறது. அவரை நம்பி நால்வர் இருப்பதால், அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 15,750 ரூபாய். ஆண்டுக்கு 1,89,000 ரூபாய். 2009-இல் சரளா வர்மா வழக்கில் தரப்பட்ட அட்டவணைப்படி, 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. ஆக மொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச்சடங்கு முதலியவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல்.

இப்போது, இறந்தவர்மீதும் பாதித் தவறு உண்டு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் என்ன ஆகும்? சட்டம் இதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்கிறது. தொகையில் சரிபாதி, அதாவது 15,12,000 ரூபாய், குறைந்துவிடும். "குறுக்கே வந்தார்" என்னும் ஒரு சொல்லுக்கு விலை பதினைந்து இலட்சம்! அந்தச் சொல் மெய்யா பொய்யா என்பதை அரை நிமிடப் படம் காட்டியிருக்கும். அந்தப் பணம் குழந்தைகளின் பள்ளிக் கட்டணம், முதிய தாயின் மருந்து, வீட்டின் கூரை.

சான்றை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உச்ச நீதிமன்றம் விடை கூறியிருக்கிறது. வாரணாசி விடுதியொன்றில் நிகழ்ந்த மரணம் பற்றிய தொமாசோ புரூனோ வழக்கில், விடுதியிலிருந்த காமிராவின் பதிவை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் காட்டவில்லை. மிகச் சிறந்த சான்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் விடுபவருக்கு எதிராகவே ஊகிக்க இடமுண்டு என்று நீதிமன்றம் 2015-இல் கூறி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது.

பிற நாடுகளின் அனுபவம்

ரஷ்ய நாட்டில் விபத்துத் தகராறுகளுக்கும் காப்பீட்டு மோசடிகளுக்கும் அஞ்சி வாகன ஓட்டிகள் இக்காமிராவை நெடுநாளாகவே பொருத்தி வந்தனர். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரின்மீது விண்கல் ஒன்று வெடித்துச் சிதறியபோது, உலகம் கண்ட படங்களுள் பல கார்க் காமிராக்கள் தற்செயலாகப் பிடித்தவையே.

ஜெர்மனி தனிமனித அந்தரங்கத்தை மிகவும் போற்றும் நாடு. மாக்டெபுர்க் நகரில் அருகருகே இடப்புறம் திரும்பிய இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. ஒருவர்மீது ஒருவர் பழி கூறினர். ஒருவரிடம் காமிராப் பதிவு இருந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதைப் பார்க்க மறுத்தன. வழக்கு அந்நாட்டுக் கூட்டாட்சி உயர் நீதிமன்றத்தை எட்டியது. காரணமின்றிச் சாலையை இடைவிடாது பதிவு செய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானதே. ஆயினும் விபத்து வழக்கில் உண்மையை அறிய அப்பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று 2018 மே 15 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறருடைய அந்தரங்கத்தையும், பாதிக்கப்பட்டவரின் நீதியையும் அது ஒரே தராசில் நிறுத்தி எடை போட்டது.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், எவ்வளவு சிறிய விபத்தாயினும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்னும் ஒழுங்கு உண்டு. விபத்தை உடனே அறிவிக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டால் சான்றும் அழியாமல் நிற்கும். இது நாமும் பின்பற்றத்தக்கது.

படத்தைப் பாதுகாக்கும் முறை

விபத்து நேர்ந்த கணத்தில் முதற்கடமை உயிரைக் காப்பது. 108-ஐ அழைக்க வேண்டும். காயமுற்றவருக்கு உதவுபவரைச் சட்டம் தொல்லைப்படுத்துவதில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, உதவுபவருக்குப் பாதுகாப்பு அளித்தது. மருத்துவமனையில் சேர்த்தவரைப் பெயர் சொல்லுமாறோ சாட்சியாக வருமாறோ கட்டாயப்படுத்த இயலாது. தாமாக முன்வந்து சாட்சி சொல்வது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது.

உயிர் காக்கும் வேலை முடிந்தபின் காமிராவைக் கவனிக்கலாம். முதலில் பதிவைப் பூட்டுக. பூட்டத் தெரியாவிடில் காமிராவின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்துக. அட்டையின் விலை சில நூறு ரூபாய்தான். புதியது ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பழையதை மீண்டும் காமிராவில் செருகலாகாது.

இரண்டாவதாக, கோப்பைக் கணினியில் அப்படியே நகலெடுத்து வைக்க வேண்டும். வெட்டுதல், எழுத்துச் சேர்த்தல், ஒளியைக் கூட்டுதல் ஆகிய எதுவும் வேண்டா. விபத்து நடந்த துண்டை மட்டுமன்றி, அதற்கு முன்னும் பின்னுமுள்ள துண்டுகளையும் காப்பது நல்லது. முன்னே நடந்ததை மறைத்துவிட்டார் என்னும் பேச்சுக்கு அப்போது இடமிராது.

மூன்றாவதாக, வாட்ஸ்அப்பில் அனுப்பலாகாது. அவ்வாறு அனுப்பும்போது கோப்பு சுருங்குகிறது, தரம் குறைகிறது, ஹாஷ் எண்ணும் மாறிவிடுகிறது. அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாலையில் குருதி சிந்திக் கிடப்பவர் ஒருவருடைய மகன், ஒருவருடைய தந்தை. அவருடைய கடைசி நிமிடத்தை ஊரார் கைப்பேசிகளில் வேடிக்கைப் பொருளாக்குவது மனிதத் தன்மைக்கு அடுக்காது. படம் போக வேண்டிய இடம் காவல் நிலையமும் நீதிமன்றமுமே.

நான்காவதாக, காவல் துறையினரிடம் அட்டையை ஒப்படைக்கும்போது மகசரில் அதைக் குறிப்பிடச் சொல்லி, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி விபத்திடத்தைப் படமெடுக்க வேண்டும். முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நம்மிடமுள்ள பதிவை இந்த நாட்களுக்குள் அவரிடம் சேர்த்துவிட்டால் அது அறிக்கையிலேயே இடம்பெறும்.

ஐந்தாவதாக, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் உடனே அறிவித்து, பதிவு இருப்பதையும் குறிப்பிட வேண்டும். 63-ஆம் பிரிவுச் சான்றிதழை வழக்கறிஞரின் துணையோடு தயாரித்து வைத்துக்கொள்வதும் அவசியம். தீர்ப்பாயம் சுருக்க விசாரணை முறையைப் பின்பற்றுவதாயினும், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடம் வைப்பானேன்?

காமிராவின் குறைகள்

இக்கருவியைக் குறையற்றதென்று எண்ணிவிடலாகாது. முன்புறக் காமிரா பின்னால் நிகழ்வதை அறியாது. அகன்ற கோண வில்லையில் பொருள்கள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஆகவே இடைவெளியையும் வேகத்தையும் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது தவறாகலாம். எதிர் விளக்கின் கூச்சத்தில் எண் பலகை தெரியாமற் போவதுண்டு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி முடிக்கும்வரை எதிரே வருவது காமிராவுக்கும் தெரியாது.

தேதியும் நேரமும் பிழையாக இருப்பது மற்றொரு பெருங்குறை. உள்ளிருக்கும் மின்கலம் தீர்ந்துபோனால் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். விபத்து நேர்ந்த நாள் ஒன்று, படத்திலுள்ள நாள் வேறொன்று என்றால் வழக்கறிஞர் சும்மா விடுவாரா? மாதம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபார்ப்பது நலம். நம் ஊர்க் கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் மின்கலம் உப்பிவிடுவதும் உண்டு. மின்கலத்துக்குப் பதில் மின்தேக்கி உள்ள கருவி வெப்பத்தைத் தாங்கும். ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி, உள்நோக்குக் கண்ணாடியின் பின்புறம் அதைப் பொருத்துவது முறை. காருக்குள் பேசுவதையும் கருவி பதிவு செய்யக்கூடுமாகையால், பயணிகளிடம் அதை முன்னரே சொல்லிவிடுவது நாகரிகம்.

நமக்கு எதிராகவே பேசினால்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். தவறு நம்முடையது என்று நம் காமிராவே காட்டினால் என்ன செய்வது? அட்டையை எடுத்துக் கோமுகி ஆற்றில் எறிந்துவிடலாம் என்று ஒரு கணம் மனம் சஞ்சலப்படலாம். சான்றாகக் காட்டவேண்டிய மின்னணுப் பதிவை அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதையின் 241-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை ஒருபுறம் வைப்போம். பொய்ச்சான்று கூடாதென்பது நாம் சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம் செய்த கட்டளை. மௌனமாக இருந்து, இறந்தவர்மீது பழி விழும்படி விட்டுவிடுவதும் பொய்ச்சான்றே அன்றோ?

இங்கே பலர் அறியாத உண்மை ஒன்றைக் கூற வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது என்பது சட்டம். ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் முறையாக இருக்குமாயின், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குரிய நஷ்டஈட்டைத் தருவது காப்பீட்டு நிறுவனமே. நாம் உண்மையை மறைப்பதால் நம் பை காப்பாற்றப்படுவதில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் பங்குதான் குறைகிறது. குற்றவியல் வழக்கைப் பொறுத்தவரை, நல்ல வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுவது நம் உரிமை. ஆலோசனை பெறுவது வேறு. சான்றை அழிப்பது வேறு.

காமிரா இல்லாதவர்க்கு

நம் ஊர்ப்பக்கம் விபத்தில் அடிபடுவோருள் காமிரா பொருத்திய கார் உடையவர் எத்தனை பேர்? நடந்து செல்வோரும், மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்வோரும், மலையிலிருந்து வேலைக்கு இறங்கி வரும் எளிய மக்களுமே பெரும்பாலோர். அவர்களுடைய குடும்பத்தார் துயரத்தினிடையிலும் ஒரு காரியத்தை மறக்கலாகாது. விபத்திடத்தை ஒட்டியுள்ள கடைகள், பெட்ரோல் நிலையங்கள், சுங்கச்சாவடிகள் ஆகியவற்றின் காமிராப் பதிவுகளும் சில நாட்களில் அழிந்துவிடுபவை. எனவே நம்பிக்கைக்குரிய ஒருவர் ஓரிரு நாட்களுக்குள் அங்கெல்லாம் சென்று பதிவைக் காத்து வைக்குமாறு கேட்க வேண்டும். அவ்விவரத்தை எழுதிக் காவல் நிலையத்திலும் கொடுக்க வேண்டும். பங்கு இளைஞர்கள் இதைத் தம் பணியாக ஏற்றால் எவ்வளவு நன்று!

மோதிய வண்டி இன்னதென்றே தெரியாவிடினும் வழி உண்டு. 161-ஆம் பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டப்படி, மரணத்துக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். வண்டி தெரிந்து, தவறு யாருடையது என்பதை மெய்ப்பிக்க இயலாத நிலையில், 164-ஆம் பிரிவின்படி மரணத்துக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சமும் கோரலாம். ஆனால், இத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின்கீழுள்ள மனு அற்றுப்போகும். ஆகவே கையொப்பமிடுமுன் நன்கு விசாரித்தறிய வேண்டும்.

166-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த கெடு. அக்கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆயினும், நாளை தள்ளிப்போடாமல் ஆறு மாதத்துக்குள்ளேயே மனுச் செய்துவிடுவதே அறிவுடைமை. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருகிறது. 15100 என்னும் எண்ணை அழைத்து விவரம் கேட்கலாம்.

இனி, நாம் தொடங்கிய கதைக்குத் திரும்புவோம். கூட்டத்தைக் கண்டு புறப்பட்டுப் போனவர் கெட்டவர் அல்லர். கோர்ட்டு, கச்சேரி என்று அலைய நேருமோ என்று அஞ்சினார், அவ்வளவுதான். அவர் செய்திருக்க வேண்டியதோ மிகச் சிறிது. ஒரு பொத்தானை அழுத்தியிருக்கலாம். அட்டையைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கலாம். மறுநாள் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கலாம். பின்னொரு நாள், அரைமணி நேரம் நீதிமன்றத்தில் நின்று, "இது என் காமிரா, இது நான் எடுத்த படம்" என்று சொல்லியிருக்கலாம்.

காமிரா எவருக்கும் அஞ்சுவதில்லை; எவருக்காகவும் பரிந்து பேசுவதுமில்லை. ஆனால் அது தானாக நடந்து நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அதைக் கையில் எடுத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும். அடுத்த முறை இருட்டிய சாலையில் ஒருவர் விழுந்து கிடப்பதைக் காண நேர்ந்தால், அந்த மனிதர் நம் குடும்பத்திலிருந்து வரட்டும்.